பார்த்த கடன்

1

சிங்க்குவே தெர்ரேயில் இயற்கைக் காட்சி என்று தனியாக ஒன்று கிடையாது. கடல் உண்டு, வானம் உண்டு. அவை போர்ட்டிக்சனிலும் உண்டு. அந்த ஐந்து ஊர்களின் படத்தைப் பார்த்து நாம் ஒரு நொடி மூச்சை நிறுத்துகிறோமே, அந்த அழகில் பெரும்பகுதியை இயற்கை செய்து வைக்கவில்லை.

இத்தாலியின் வடமேற்கில், லிகூரியக் கடலோரத்தில் செங்குத்தாக எழும் மலைச்சரிவு. அதில் மொண்டெரொஸ்ஸோ, வெர்னாஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று ஐந்து சிற்றூர்கள். சிங்க்குவே தெர்ரே என்ற பெயருக்கே 'ஐந்து நிலங்கள்' என்றுதான் பொருள். இளஞ்சிவப்பும் மஞ்சளும் காவியுமாக ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் வீடுகளைப் படங்களில் எல்லாரும் பார்த்திருப்போம். பார்வையைக் கொஞ்சம் மேலே உயர்த்தினால், வீடுகளுக்குப் பின்னால் மலை முழுக்கச் சீப்பால் வாரிவிட்டதுபோலக் கோடு கோடாக இருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு சுவர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அங்குள்ளவர்கள் பாறையை உடைத்து, கல்லை அடுக்கி, அதன் பின்னால் மண்ணைச் சுமந்து வந்து கொட்டி, திராட்சைக் கொடி நட்டிருக்கிறார்கள். அந்தச் சுவர்களை எல்லாம் நீட்டி வைத்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும் என்பார்கள். சீனப் பெருஞ்சுவரோடு ஒப்பிட்டுப் பேசுவது அங்கே வழக்கம்.

யுனெஸ்கோ 1997-இல் இவ்விடத்தை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, இயற்கைத் தலமாகச் சேர்க்கவில்லை. பண்பாட்டு நிலக்காட்சியாகச் சேர்த்தது. 1999-இல் அது தேசியப் பூங்காவும் ஆனது. பூங்கா என்றால் மனிதக் கை படாமல் காப்பது என்று நினைத்துக்கொண்டிருப்போம். இங்கே மனிதக் கை எடுபட்டுவிடாமல் காப்பதற்குப் பூங்கா வைத்திருக்கிறார்கள்.

கடந்த மே மாதம் ஒரு சனி, ஞாயிறு நண்பர்களோடு அங்கே போயிருந்தேன். அந்த இரண்டு நாளும் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த வாக்குவாதம் ஒன்றைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். பார்ப்பவர், பார்க்கப்படும் இடத்துக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா? கேள்வி அவ்வளவுதான். ஆனால் எளிதில் கைகழுவிவிட முடியாத கேள்வி.

2

நாங்கள் நான்கு பேர். மிலானில் வடிவமைப்பு படிக்கும் தோழி ஒருத்தி. அவளைப் பார்க்க வந்திருந்த மூவரில் நான் ஒருவன். கிள்ளானில் கணக்காளராக இருப்பவன் ஒருவன். ஈப்போவில் பிறந்து சிங்கப்பூரில் தாதியாக வேலை பார்ப்பவள் ஒருத்தி. மிலானிலிருந்து ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் கடல் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் ரயில்தான். குகைப்பாதை, இருட்டு, திடீரென்று இரண்டு நொடிக்குக் கடல், மறுபடியும் இருட்டு.

மனரோலாவில் துறைக்கு எதிரே ஒரு மேடு இருக்கிறது. ஊரின் புகழ்பெற்ற படம் அங்கிருந்து எடுக்கப்படுவது. நாங்கள் போனபோது அங்கே வரிசை நின்றது. ஒருவர் எடுத்து முடித்ததும் அடுத்தவர் அதே இடத்தில் கால் வைத்து அதே படத்தை எடுக்கிறார். நாங்களும் எடுத்தோம். எடுத்து முடித்து இறங்கும்போது வடிவமைப்புத் தோழி சொன்னாள்: "இந்தப் படத்துல இருக்கிற எதையும் நாம செய்யல. ஆனா படம் நம்மளோடதாயிடுச்சு. இது எப்படி?"

கணக்காளன் உடனே பதில் வைத்திருந்தான். "அட, கார்டு வாங்கியாச்சு. ரயிலுக்குக் காசு, பாதைக்குக் காசு, ரூமுக்குக் காசு. எல்லாம் கட்டியாச்சு லா. அப்புறம் என்ன கடன்?"

இது முதல் பதில். சாதாரணமான பதில்தான், ஆனால் மட்டமான பதில் இல்லை. காசு கொடுத்துப் பெற்றதற்குக் கடன் இல்லை என்பதில்தான் நவீன வாழ்க்கையின் பாதி கண்ணியம் இருக்கிறது. முதலாளி வீட்டுத் தயவில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். சம்பளம் வாங்கி, விலை கொடுத்து, யாருக்கும் கும்பிடு போடாமல் நடக்க முடிவது பெரிய விடுதலை.

ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது என்று பாருங்கள். அட்டைக்குக் கொடுத்தது ரயிலுக்கும் நடைபாதைப் பராமரிப்புக்கும் போகிறது. அறைக்குக் கொடுத்தது அறையின் சொந்தக்காரருக்குப் போகிறது. ஜன்னலைத் திறந்தால் திராட்சை அடுக்குகள் தெரியும் அறை என்றால் வாடகை கூடுதல். அந்த அடுக்குகளை வைத்திருப்பவர் வேறொருவர். அவர் திராட்சை பயிரிட்டு, ஒயின் விற்றுப் பிழைக்கிறார். ஒயினோடு சேர்த்துக் காட்சி ஒன்றையும் அவர் உற்பத்தி செய்கிறார். அதற்கு அவருக்கு விலை இல்லை. காட்சியைச் செய்பவர் ஒருவர், அதை விற்பவர் இன்னொருவர். கணக்காளனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப இது பில்லுல வராத செலவு," என்றான். அவன் தொழிலின் மொழியில் அவன் சரியாகத்தான் சொன்னான். பில்லில் வராத செலவை யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

3

இரண்டாவது பதில் தத்துவத்திலிருந்து வருகிறது. இமானுவேல் காண்ட் 1790-இல் எழுதிய நூலில், அழகைப் பற்றிய தீர்ப்பு எந்த நலனோடும் சம்பந்தப்படாதது என்கிறார். அதை விளக்க அவர் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு ஓர் அரண்மனை. அரண்மனை அழகாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார். வேடிக்கை பார்ப்பதற்கென்றே கட்டிய பொருள்கள் எனக்குப் பிடிக்காது என்று பதில் சொல்லலாம். மக்களின் வியர்வையை இப்படி வீணான காரியத்தில் கொட்டுகிறார்களே என்று ரூசோ பாணியில் திட்டலாம். காண்ட் இதையெல்லாம் மறுக்கவில்லை. நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும், ஆனால் கேட்ட கேள்வி அது இல்லையே என்கிறார். அழகா என்று கேட்டால், வெறுமனே பார்க்கும்போது மனம் மகிழ்கிறதா என்பதுதான் கேள்வி.

வியர்வையைப் பற்றி யோசிக்காமல் காண்ட் இதைச் சொல்லியிருந்தால் எளிதாகத் தாண்டிப் போயிருக்கலாம். யோசித்துவிட்டுத் தள்ளி வைக்கிறார். அதனால்தான் அவரைத் தாண்டுவது கடினம். அவர் சொல்வதில் ஓர் உண்மையும் இருக்கிறது. எந்த அழகைக் கண்டாலும் அதன் பின்னால் யார் அழுதார்கள் என்று தேடிக்கொண்டே இருப்பவருக்கு எதையும் பார்க்கும் திராணி மிஞ்சாது. மேலும், அந்தத் தேடல் சில நேரம் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் ஆசை மட்டுமே.

ஆனால் அரண்மனைக்கும் மலை அடுக்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதைப் புரிந்துகொள்ளச் சுவரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சுவர்களில் சாந்து கிடையாது. சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை. கல்லின் மேல் கல். ஒன்றின் எடை இன்னொன்றைப் பிடித்து வைக்கிறது. மழை பெய்தால் மண்ணில் இறங்கும் நீர் கற்களுக்கு நடுவே கசிந்து வெளியேறிவிடும். சிமெண்ட் பூசி அடைத்தால் நீர் உள்ளேயே தேங்கி ஒருநாள் சுவரையே தள்ளிவிடும். ஓட்டை இருப்பதால்தான் அது நிற்கிறது. இப்படிச் சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ இத்தாலி உட்படச் சில ஐரோப்பிய நாடுகளின் மரபாக அங்கீகரித்திருக்கிறது.

கொர்னீலியாவுக்குப் போகும் மேல்பாதையில் இரண்டு பேர் இடிந்த சுவர் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். ஒருவர் வயதானவர். ஒரு கல்லை எடுப்பார், வைப்பார், கையால் அழுத்திப் பார்ப்பார், எடுத்துத் திருப்புவார், மறுபடி வைப்பார், பிடிக்காமல் ஓரமாகப் போட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவார். நாங்கள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை மூன்று கல் வைத்தார். எங்களை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

இப்படிப்பட்ட சுவர் ஒருமுறை கட்டினால் முடிந்துபோவதில்லை. மண்ணின் அழுத்தத்தில் முதலில் வயிறு தள்ளும். அப்போதே சரிசெய்யாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் சரியும். மேல் அடுக்கு சரிந்தால் கீழ் அடுக்கின் மேல் விழும். காண்டின் அரண்மனை, கட்டியவர்கள் எல்லாரும் செத்துப்போன பிறகும் நிற்கும். அங்கே சிந்திய வியர்வை இறந்தகாலம். இங்கே அது நிகழ்காலம். கட்டுபவர் போய்விட்டால் காட்சியும் போய்விடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் வெர்னாஸாவும் மொண்டெரொஸ்ஸோவும் புதைந்தன. வெர்னாஸாவின் முதன்மைத் தெருவில் சேறும் கல்லும் கடைகளை மூடின. உயிர்கள் போயின. மழை வழக்கத்துக்கு மாறானது, அதை மறுக்க முடியாது. ஆனால் பராமரிப்பார் இல்லாமல் விடப்பட்டிருந்த அடுக்குகளும் சரிந்து இறங்கி அந்த அழிவில் பங்கு சேர்த்தன. அழகாக இருந்த அதே மலைதான் ஊரின் மேல் விழுந்தது.

ஆகவே காண்டுக்கு என் பதில் இது: அழகா என்று கேட்டால், ஆமாம், அழகு. அந்தத் தீர்ப்பில் வியர்வைக்கு வேலையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகும் நாம் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறோம். காலடியில் ஒரு சுவர் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் கேள்வி அழகியலுடையது இல்லை.

4

"நான் ஒருத்தி வந்ததுனால என்ன ஆயிடப் போகுது?" தாதித் தோழி கேட்டது இது. மூன்றாவது பதில். நால்வரில் இதுதான் எனக்குச் சங்கடமான பதில், ஏனென்றால் கணக்குப்படி அது உண்மை.

ஐந்து ஊர்களிலும் சேர்த்து நிரந்தரமாக வாழ்பவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. ஆண்டுக்கு வருகிறவர்கள் 20 லட்சத்துக்கும் மேல் என்று செய்திகள் சொல்கின்றன. அதில் எங்கள் நாலு பேரைக் கழித்தால் எதுவும் மாறாது. ஆனால் எல்லாரும் அப்படித்தான் கழிக்கப்பட வேண்டியவர்கள். ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் ஏறி வழுக்கி விழுந்து, மீட்புக் குழுவை வரவழைத்தவர்கள் அதிகமானபோது, அப்படி வருபவர்களுக்கு அபராதம் என்று 2019-இல் அறிவிப்பு வந்தது. கூட்டம் மிகுந்த நாள்களில் மொண்டெரொஸ்ஸோவுக்கும் வெர்னாஸாவுக்கும் இடையிலான மலைப்பாதையை ஒருவழிப்பாதை ஆக்குகிறார்கள். மனிதர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைக்குச் சாலைவிதி!

டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1984-இல் வெளிவந்த தன் நூலில் ஒரு கற்பனை வைக்கிறார். ஆயிரம் கொடுமைக்காரர்கள், ஆயிரம் கைதிகள். முன்பெல்லாம் ஒவ்வொருவரும் ஒரு கைதியை வதைத்தார்கள். பிறகு முறையை மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். அது ஆயிரம் கைதிகளுக்கும் வலியைத் துளியிலும் துளியாகக் கூட்டுகிறது. அந்தத் துளியை எந்தக் கைதியாலும் உணர முடியாது. ஆயிரம் பேரும் அழுத்தி முடிக்கும்போது ஆயிரம் கைதிகளும் பழைய வலியில்தான் இருக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு கொடுமைக்காரரும் சொல்லலாம்: என்னால் யாருக்கும் எந்த வலியும் கூடவில்லை. சொல்வது உண்மை. ஆனாலும் யாரும் அதை ஏற்க மாட்டோம். நாம் ஒருவராகச் செய்வதை மட்டும் பார்க்காமல், நாம் சேர்ந்து செய்வதில் ஓர் உறுப்பாக இருக்கிறோமா என்று பார்க்க வேண்டும் என்பது பார்ஃபிட் வாதம்.

சுற்றுலாப் பயணியைக் கொடுமைக்காரரோடு ஒப்பிடுவது அதிகம்தான். தோழிக்கும் கோபம் வந்தது. ரயிலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வெள்ளக்காரன் நூறு வருஷமா உலகத்தைச் சுத்திப் பார்த்து முடிச்சிட்டான். எங்க வீட்டுல பாஸ்போர்ட் எடுத்த முதல் பொம்பள நான். நைட் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு. இப்ப நான் வர்ற நேரத்துல வந்து, கூட்டம் அதிகம், வராதேன்னா என்ன நியாயம்?"

அவள் கேட்டது பார்ஃபிட் கணக்கில் இல்லாத ஒன்று. பொத்தான்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடவில்லை. மிதமிஞ்சிய சுற்றுலாவைப் பற்றி இன்று எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றில் இந்த வரிசைமுறை இருப்பதே இல்லை. முதலில் வந்தவர்கள் பயணிகள், பிறகு வந்தவர்கள் கூட்டம் என்று ஒரு சொல்மாற்றம் நடந்துவிடுகிறது. ஆகவே வராமல் இருப்பதுதான் ஒழுக்கம் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. அந்த முடிவின் செலவு முழுவதும் கடைசியாக வந்தவர்களின் தலையில் விழுகிறது.

5

வரக்கூடாது என்பது விடை இல்லையென்றால், வந்த பிறகு என்ன என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்குக் காட்சியின் மறுமுனையில் நிற்பவரிடமிருந்து யோசிக்க வேண்டும். எங்கள் நால்வரில் எனக்கு அந்த முனை கொஞ்சம் பழக்கமானது.

என் பாட்டி கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அந்த மலைச்சரிவுகளை இன்று பார்க்காத மலேசியர் குறைவு. பச்சைக் கம்பளம் விரித்ததுபோல என்று எழுதுவோம். தேயிலை இயல்பில் ஒரு மரம். பறிக்காமலும் கவாத்து செய்யாமலும் விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிடும். கம்பளம் என்பது கைகள் விடாமல் செய்துகொண்டிருக்கும் ஒரு காரியம். இன்று அந்தக் கைகள் பெரும்பாலும் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவை.

பாட்டியிடம் ஒருமுறை, அவ்வளவு அழகான இடத்தில் வாழ்ந்தீர்களே என்று கேட்டேன். "அழகா? அட்டை கடிச்சது ஞாபகம் இருக்கு. கூடை நனைஞ்சா கனம் கூடும், அது ஞாபகம் இருக்கு. நிமிந்து பார்த்தா கங்காணி கத்துவாரு. எங்கேர்ந்து பார்க்கிறது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "விடியக்காலைல மூடுபனி கீழ இறங்கும் பாரு, அது நல்லா இருக்கும்," என்றும் சொன்னார்.

இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் முதல் வாக்கியத்துக்குச் சமமாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். உழைப்பவருக்கு அழகு தெரியாது, பார்க்க வருபவருக்குத்தான் தெரியும் என்பது ஒரு மமதை. பாட்டிக்குப் பார்க்கத் தெரியும். பார்ப்பதற்கான நேரமும் நிமிர்வதற்கான உரிமையும்தான் வேறு யாரிடமோ இருந்தன. ஜமைக்கா கின்கெய்ட் தன் சொந்தத் தீவான ஆன்டிகுவாவைப் பற்றி 1988-இல் எழுதிய சிறிய நூலில் இதைக் கடுமையாகவே சொல்கிறார். எல்லா ஊர்க்காரரும் எங்கோ ஒரு பயணியாகப் போயிருக்கக்கூடியவர்தான். ஆனால் உலகில் பெரும்பாலோருக்குத் தங்கள் அன்றாடத்தைவிட்டு வெளியேற வசதியில்லை. அவர்களுடைய அந்த அன்றாடம்தான் பயணிக்கு இன்பமாகிறது.

ரியோமஜ்ஜோரே ரயில் நிலையத்துக்கு அருகே பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன. சில்வியோ பெனெடெட்டோ என்ற ஓவியர் வரைந்தவை. அந்த மலையில் உழைத்தவர்கள்தான் அவற்றில் இருக்கிறார்கள். கல்லோடு போராடிய உடல்கள். அந்த மலையில் பெண்கள் தலையில் கல்லையும் கூடையையும் சுமந்தே மேலும் கீழும் நடந்திருக்கிறார்கள். ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் அந்த ஓவியத்தைக் கடந்துதான் ஊருக்குள் போகிறது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, ரயில் பிடிக்கும் அவசரம். ஆனால் ஊர் தன் கணக்கை வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறது.

6

இந்த இடத்தில் ஒரு முடிச்சு விழுகிறது. உழைப்பு இல்லாவிட்டால் காட்சி இல்லை. காட்சி நீடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அப்படியானால் யாரோ ஒருவர் தொடர்ந்து அந்தச் சரிவில் குனிந்தே இருக்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறோமா? கேமரன் மலை என்றும் பச்சையாக இருக்க வேண்டும் என்பதற்காக என் பாட்டியின் பிள்ளைகள் தோட்டத்திலேயே இருந்திருக்க வேண்டுமா?

சிங்க்குவே தெர்ரேயில் அடுக்குகள் கைவிடப்பட்ட கதை பயணிகளிலிருந்து தொடங்கவில்லை. பக்கத்து நகரமான லா ஸ்பெசியாவில் 1869-இல் கடற்படைத் தளவாடத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1870-களில் ரயில் வந்தது. மாதச் சம்பளம், கூரைக்குக் கீழே வேலை. ஆண்கள் அங்கே போனார்கள். பலர் வாரநாளில் தொழிற்சாலை, ஓய்வுநாளில் திராட்சை என்று இரண்டையும் இழுத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அடுத்தடுத்த தலைமுறைக்கு அது முடியவில்லை. சுற்றுலா வந்து கடைசிக் கணக்கை முடித்தது. கூடை சுமப்பதைவிட ஓர் அறையை வாடகைக்கு விடுவது லாபம். இதில் யாரைத் தவறென்று சொல்வது? மலையைவிட்டு இறங்கியவர்கள் செய்தது, நம் தாத்தா பாட்டிகள் நமக்காகச் செய்தது.

ஆகவே 'பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்' என்று பார்க்க வந்தவர் சொல்வதில் ஓர் அநியாயம் இருக்கிறது. அது கடன்பட்டவர், கடன் கொடுத்தவரிடம் போய் இன்னும் கொடு என்று கேட்பது.

ஆனால் அதற்காகச் சும்மா இருந்துவிட முடியாது என்றும் நினைக்கிறேன். அந்த வேலை நீடிக்க வேண்டுமென்றால் அது வேலையாக நீடிக்க வேண்டும். கூலியோடு, மரியாதையோடு, வேண்டாம் என்று விலகும் உரிமையோடு. அங்கே சரிவுகளில் இப்போது திராட்சைக் கூடைகளை இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டி வைத்திருக்கிறார்கள். படம் எடுப்பவர்களுக்கு அந்தத் தண்டவாளம் உறுத்தும். எனக்கு அது அந்த மலையிலேயே அழகான பொருள்களில் ஒன்றாகப் பட்டது. ஒரு கழுத்து நிமிர்ந்திருக்கிறது என்று பொருள்.

கொர்னீலியாவில், ரயில் நிலையத்திலிருந்து 370-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, ஷாக்கெத்ரா என்ற அந்த ஊர் இனிப்பு ஒயினின் விலையைப் பார்த்துக் கணக்காளன் அதிர்ந்துபோனான். சின்னப் புட்டி. திராட்சையைப் பறித்து வாரக்கணக்கில் நிழலில் உலர்த்தி, சுருங்கிய பிறகு பிழிவது. நூறு கிலோ பழத்துக்கு முப்பது சொச்சம் லிட்டர்தான் தேறும். கடைசியில் ஒரு கிண்ணம் வாங்கி நாலு பேரும் ஒவ்வொரு மிடறு குடித்தோம். "இதுதான் பில்லுல வந்திருக்கிற செலவு," என்றான். சிரித்தோம். ஆனால் அது வெறும் சிரிப்புக்கானது இல்லை. செய்பவர் கைக்கே நேராகப் போகும் விலையைக் கொடுப்பது, அந்தக் கடனில் காசால் தீரக்கூடிய பகுதி.

காசால் தீராத பகுதியும் உண்டு. ரியோமஜ்ஜோரேவையும் மனரோலாவையும் இணைக்கும் 'காதல் பாதை' உலகப் புகழ்பெற்றது. 2012-இல் பாறை சரிந்து நான்கு ஆஸ்திரேலியப் பயணிகள் காயமடைந்த பிறகு அதன் பெரும்பகுதி 2024 வரை மூடிக் கிடந்தது. பன்னிரண்டு வருடம் எத்தனை பேர் அந்தக் கதவின் முன் நின்று முகம் சுளித்துத் திரும்பியிருப்பார்கள்! ஓர் இடம் 'இப்போது முடியாது' என்று சொல்லும்போது அதை ஏமாற்றமாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், அந்த இடத்துக்கும் ஒரு சொல் உண்டு என்று ஏற்பது கடனின் இன்னொரு பகுதி. விருந்தாளிக்கு எல்லா அறையையும் திறந்து காட்ட வேண்டியதில்லை. எந்த வீட்டுக்கும் அது பொருந்தும்.

7

தமிழில் 'கடன்' என்பது திருப்பிக் கொடுக்க வேண்டியதையும் குறிக்கும், செய்ய வேண்டியதையும் குறிக்கும். முதல் பொருளில் கடன் அடைந்துவிடும். இரண்டாவது பொருளில் அடையாது, செய்துகொண்டே இருக்க வேண்டியது. அதே சொல்லிலிருந்துதான் 'கடனே என்று' என்ற வழக்கும் வந்திருக்கிறது. பட்டியலில் இருக்கிறதே என்று ஐந்து ஊரையும் ஓடி ஓடிப் பார்ப்பதை அப்படித்தான் சொல்வோம். பார்த்த கடனை நினைக்காதவர் கடைசியில் கடனே என்றுதான் பார்ப்பார்.

எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு தனிப்பங்கு இருக்கிறது. இந்த இதழை வாசிக்கும் பலரும் எழுதுகிறவர்கள், அல்லது எழுதப்போகிறவர்கள். பயணம் போய் வந்ததும் நாம் முதலில் எழுதும் வரி எதுவாக இருக்கும்? 'மலைச்சரிவில் அழகாக அமைந்த ஊர்.' இலக்கணப்படி பிழையில்லை. தன்வினை. ஊர் தானாகவே அமைந்துகொண்டது. அதையே 'அமைத்த' என்று எழுதிப் பாருங்கள். ஓர் எழுத்துதான் மாறுகிறது. உடனே வாக்கியம் ஓர் ஆளைக் கேட்கத் தொடங்கிவிடும். யார் அமைத்தார்கள், யாருக்காக, இப்போது அவர்கள் எங்கே, நாளை சுவர் வயிறு தள்ளினால் யார் வருவார்கள் என்று வரிசையாகக் கேட்கும். பதில் தெரியாவிட்டால் தேட வேண்டியிருக்கும். கேமரன் மலையைப் பற்றி எழுதினாலும் அப்படித்தான்.

அந்த வேலையைத் தேடிச் செய்துவிட்டால் கடன் அடைந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்தது, யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதாவது வாக்கியத்தில் இருக்கும்.